உப்பு மண்ணால் அடைத்த மடை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணும், நடுவில் சிலது மறந்தும் போகும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெடித்த விரல் நுனியில் உப்புத்தண்ணி பட்டால் எரிகிற எரிச்சல் மட்டும் இன்னும் மறக்கவில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சித்திரை வெயிலில் விரல் வெடிக்கும், சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணி வரும். "உப்பு மேல பொய் சொன்னா கை வெந்துபூடும்" என்று எங்கள் அம்மா சொல்லும். மற்ற பிள்ளைகளுக்கு அது வெயில் வெடிப்பு. எனக்கு ஒரு வருஷம் அது வேறாக இருந்தது.

இதை எழுத வைத்தது ஒரு சினிமா. சுனாமி வந்த மறு வருஷம், கூனிமேட்டில் என் மகள் செல்வி வீட்டு டிவியில் ஒரு மத்தியானம் போட்ட பழைய கொலைப் படம். அதே படத்தை நான் பத்து வயதில் பாதி பார்த்திருக்கிறேன். மீதியைப் பார்க்கப் பயந்து ஓடிவந்தவள்.

அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டுமானால் மடையைச் சொல்லவேண்டும். கடலிலிருந்து வருகிற "பச்சைத் தண்ணி" கால்வாயில் ஓடும், பக்கத்துப் பாத்தியில் வெயிலில் காய்ந்து உப்பு பூத்து நிற்கும், இரண்டுக்கும் நடுவில் மண்ணால் அடைத்த வாய்க்குத்தான் மடை என்று பேர். உப்பை வாரும் முன்னே பச்சைத் தண்ணி பாத்திக்குள் புகுந்தால் எல்லாம் கரைந்து சேறாகிவிடும் என்பதால், மடை கட்டுவதற்கென்றே கைதேர்ந்த ஆளை வைத்திருப்பார்கள். எங்கள் அளத்தில் அது ஏழுமலை மாமா. சொந்தமில்லை, பக்கத்துக் குடிசை. அவர் கட்டிய மடையில் எறும்பு நுழைய வழி இருக்காது என்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், நான் ஒரு மடையை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, ஓடுகிற தண்ணியில் பாவாடையை விரித்துப் பிடித்தேன். பொடி இறால் துள்ளித் துள்ளி வந்து விழுந்தது. போதும் என்றானபோது, பக்கத்தில் வெள்ளையாகப் பொரிந்து கல் மாதிரி கிடந்த மண்கட்டிகளை எடுத்து மடைவாயில் அடுக்கி, மேலே சேறு பூசி, பத்து விரலாலும் அழுத்திவிட்டு வந்தேன். அது உப்பு ஏறிய மண். காய்ந்தால் கல், தண்ணி பட்டால் உள்ளுக்குள்ளேயே கரையும். மடைக்குத் தூரத்திலிருந்து களிமண் கொண்டுவர வேண்டும் என்பது அளத்து வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கு அது கெட்டியாக இருந்தது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் உப்பு வாரப் போனவர்கள் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். வெள்ளை என்பதே இல்லை, கணுக்கால் வரை கலங்கல் தண்ணி. மேஸ்திரி உடைந்த மடையில் காலால் எத்தினார்.

"ஏண்டா ஏழுமல, எட்டி நடக்க சோம்பேறித்தனப்பட்டு உப்பு மண்ண வெச்சி அடச்சிட்டியா? மட கட்டத் தெரியலன்னா மாடு மேய்க்கப் போறதுதானே?"

"நான் களிமண்ணுலதாங்க கட்டுனேன், மேஸ்திரி. சத்தியமா."

"அப்ப இன்னா, உன் மட ராத்திரில எழுந்து போய் மண்ண மாத்திக்கினு வந்திச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை மாமா குனிந்து கரையாமல் மிச்சமிருந்த ஒரு கட்டியை எடுத்தார். அதன் மேல் பூசிய சேறு காய்ந்து, என் விரல் பதிந்த பள்ளம் வரிசையாகத் தெரிந்தது. அம்மாவின் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு தண்ணிக்குள் போட்டுவிட்டார். "பாவம்டி, ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு இருக்கான்" என்று அம்மா என் காதில் சொன்னது. நான் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி அப்போதே அவரை வேலையை விட்டு நிறுத்தினார், வெயில் உச்சிக்கு வரும்போது பாய், சட்டிபானை, இரண்டு பெண்களோடு மாமா வீட்டார் தெற்கே நடந்துபோனார்கள். அன்று பொழுது சாயும்போது மழை வந்தது. சித்திரையில் யாரும் நினைக்காத மழை. எங்கள் அளம், அடுத்த அளம், கண்ணுக்கு எட்டிய பாத்தி எல்லாம் கரைந்தது. "இந்த மழ நேத்தே வந்திருந்தா ஏழுமல தப்பிச்சிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. "உப்பக் கரச்சவன்" என்ற பேர் அவருக்கு முன்னால் போய்விட்டதாம், எந்த அளத்திலும் அவரை மடையைத் தொட விடவில்லையாம்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மேஸ்திரி யாரைக் கூப்பிட்டாலும் என்னைத்தான் என்று அம்மா பின்னால் ஒளிந்துகொள்வேன். விரல் வெடித்து ரத்தம் கசிந்தபோது, அம்மா சொன்னபடி கை வேகத் தொடங்கிவிட்டது என்றே நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் மரக்காணத்து டூரிங் கொட்டாயில் அந்தப் படம் வந்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனது. ஒருவன் கோபத்தில் கூட்டாளியை அடிக்கிறான், அவன் செத்துப்போகிறான். வெளியே மழை. வழியே போன வேறொருவன் ஒதுங்க வந்து, வாசலில் கிடந்த செத்தவன் குடையை எடுத்துப் போகிறான். அந்தக் குடையால்தான் மாட்டிக்கொள்கிறான். மழை பெய்யாவிட்டால் அவன் குடையை எடுத்திருக்க மாட்டான். போலீஸ்காரர் குடைக் கைப்பிடியில் மாவு மாதிரி எதையோ தூவினார், திரை முழுக்க ஒரு விரல் ரேகை கட்டில் பெரிசுக்கு வந்து நின்றது. நான் பத்து விரலையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். கூண்டில் நின்று அந்த அப்பாவி அழுதபோது, "நான் களிமண்ணுலதாங்க கட்டுனேன்" என்றே எனக்குக் கேட்டது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

பின்னாலேயே அம்மா ஓடிவந்தது. "இன்னாடி, வயித்த வலிக்குதா?"

"ஆமா."

"என் படமே போச்சுடி உன்னால."

அம்மா கடைசிவரை அந்தப் படத்தின் முடிவைக் கண்டவர்களிடமெல்லாம் கேட்டது. ஒருத்தி தூக்கில் போட்டுவிட்டார்கள் என்றாள், இன்னொருத்தி பாம்பு கடித்துச் செத்தான் என்றாள். இவள் பாதிப் படத்தில் தூங்கினவள்.

செல்வி வீட்டில்தான் முடிவைப் பார்த்தேன். யாரோ ஒரு வண்டிக்காரன் தற்செயலாகச் சாட்சி சொல்ல வந்து, அப்பாவியை விட்டுவிடுகிறார்கள். கொன்றவன் அதே கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். எழுந்து நிற்கிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான் படம்.

"இன்னாம்மா இப்டி கைய முந்தானைக்குள்ள சுருட்டிக்கினு இருக்க? படம்மா அது" என்றாள் செல்வி.

அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்து மடையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "சாயங்காலமே மழ பேஞ்சி எல்லாம்தான் கரைஞ்சி போச்சே, நீ தொறந்தா இன்னா, தொறக்கலன்னா இன்னா? அந்தாளு நேரம் சரியில்ல, விடும்மா."

நானும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த மழையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மழை சாயங்காலம் வந்தது. அவர் மத்தியானமே போய்விட்டார். காலையிலிருந்து அவர் போகிறவரை இருந்த அந்த அரைநாளில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

இப்போது அந்தக் கொட்டாய் இல்லை, அந்த இடத்தில் லாரி நிற்கிறது. எங்கள் பாத்தி இருந்த பக்கம் இறால் பண்ணை என்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. அம்மாவும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஏழுமலை மாமா இன்னும் உயிரோடு இருக்க வயசு இல்லை. அவர் பெரிய பெண்ணைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்ததாக ஒரு காலத்தில் கேள்விப்பட்டேன். அவள் பேர் ராணியா, ராஜியா, அதுகூட எனக்கு நிச்சயமில்லை. மாதம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்பதிலெல்லாம் நான் தப்பு விட்டிருக்கலாம், தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். அந்தப் பெண்களைக் கண்டால், அந்த மண்கட்டியில் இருந்த சின்ன விரல் தடத்தைப் பற்றி அவர்கள் அப்பா வீட்டில் எப்போதாவது பேசினாரா என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் மடையைக் களிமண்ணால்தான் கட்டியிருந்தார்.