எந்த சர்வருக்கும் வரும் கார்டு

கல்யாண வீட்டில் நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள் என்பதாலேயே இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது. ஐந்தாம் வகுப்போடு நின்று, லைட் தூக்கப் போய், வீடியோ எடுக்கப் பழகி, பிறகு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்னதாக ஆபீஸ் போட்டேன். எடிட்டிங் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவாக அங்கே ஒரு சர்வர் உண்டு. குட்டி இரும்புப் பெட்டி. எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் போய்ச் சேரும்.

வைகாசியில் பெட்டி நிரம்பிவிட்டது. இன்னொரு டிஸ்க் மாட்ட உள்ளே இணைப்பு இல்லை. அதற்கென்றே ஒரு கார்டு இருக்கிறது, அதைச் சொருகினால் மேலும் டிஸ்க் மாட்டலாம் என்றாள் என்னிடம் எடிட்டிங் வேலை பார்க்கும் பெண். தொட்டியத்தில் ஒரு வாழை விவசாயி வீட்டுக் கல்யாணத்தை அப்போதுதான் எடுத்து வந்திருந்தோம். அது அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. கேமராவில் இருந்ததை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாகிவிட்டது. பெட்டிக்கு ஏதாவது ஆனால், தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள் என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியுமா?

தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, என்னோடு பேசுகிறாரா காற்றோடு பேசுகிறாரா என்று தெரியாதபடி பேசினார். பெட்டியின் உட்புறத்தை போனில் படம் எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். பார்க்கவில்லை.

"எந்த சர்வருக்கும் வரும்ண்ணே. கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் விற்றார். கார்டின் ஓரத்தில் இருந்த தகடு பெட்டியைவிட உயரம். மூடி மூடவில்லை. போன் செய்தேன்.

"மூடி எதுக்குண்ணே? தொறந்தே வெச்சா காத்தோட்டமா இருக்கும்ல?"

எங்கள் மாடியில் குடியிருக்கும் எலிகளை அவருக்குத் தெரியாது. கூச்ச சுபாவம் உள்ளவன் திட்ட மாட்டான். உள்ளுக்குள் இளக்காரத்தைச் சேர்த்துக்கொண்டே போவான். நான் அன்றைக்கு நிறையச் சேர்த்தேன்.

மறுநாள் அவரே வேறு கார்டோடு வந்தார். இது உள்ளே உட்கார்ந்தது, மூடியும் மூடியது. என்னைக் கேட்காமலே பழைய டிஸ்க்குகளின் வயரையும் பிடுங்கிப் புதுக் கார்டில் மாட்டினார். "எல்லாம் ஒரே எடத்துல இருந்தா ஸ்பீடுண்ணே." பெட்டியை ஓடவிட்டதும் திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்து நின்றது. எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எதையும் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"என்ன போட்டிருக்கு?"

"கன்ஃபர்ம் பண்ணச் சொல்லுதுண்ணே."

"எதை?"

"கன்ஃபர்ம் பண்ணலாமான்னு. எஸ் குடுத்துடலாம்."

"தமிழ்ல சொல்லுங்க."

"எஸ்ஸுக்கு என்னண்ணே தமிழு?" என்று சிரித்தார். விரல் கீபோர்டுக்கு மேலே தயாராக இருந்தது. நான் கீபோர்டை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எடிட்டிங் பெண் எட்டிப் பார்த்து நிதானமாகப் படித்தாள்.

"டிஸ்க்குல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு கேக்குது சார்."

"அது சும்மா கேக்கும்மா, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார் அவர்.

திரையில் இருந்ததை போனில் படம் எடுத்துவிட்டுப் பெட்டியை அணைத்து, கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வயர்களைப் பழையபடி மாட்டிப் பார்த்தோம். தொட்டியம் கல்யாணம் இருந்தது.

துவாக்குடியில், மாணவர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பின்னால், பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடை ஒன்று இருப்பதாக அந்தப் பெண் விசாரித்துச் சொன்னாள். பெட்டியைத் துண்டில் சுற்றி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அந்தக் கடையை ஒரு அம்மா நடத்தினார். பெட்டிக்குள் கல்யாண வீடியோக்கள் இருப்பதையும் பஸ்ஸில் கொண்டுவந்ததையும் சொன்னேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"பொட்டியைத் தொறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். அலமாரியைக் குடைந்து தூசி படிந்த ஒரு கார்டை எடுத்தார். தகடு குட்டையாக இருந்தது. பழைய டிஸ்க்குகளைத் தொடவே இல்லை. கார்டில் காலி டிஸ்க் ஒன்றை மட்டும் மாட்டினார். எந்தக் கேள்வியும் கேட்காமல் பெட்டி ஓடியது.

"இதுல இருக்கிறதுக்கு இன்னொரு காப்பி எங்க வெச்சிருக்கீங்க?"

"காப்பி எதுவும்... இல்லைங்க."

"ஏங்க, அடுத்தவங்க வீட்டுக் கல்யாணம். ஒரே ஒரு பொட்டி. அதையும் டவுன் பஸ்ல தூக்கிட்டு வந்திருக்கீங்க. வெக்கமா இல்ல?"

தென்னூர்க்காரர் மேல் நான் சேர்த்துவைத்திருந்த இளக்காரத்தைவிட இந்த அம்மாவுக்கு என் மேல் இருந்தது தரமாக இருந்தது. தொட்டியம் கல்யாணத்தைக் காலி டிஸ்க்கில் காப்பி எடுக்கும் வரைக்கும் ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது காப்பி டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தார். பெட்டியையும் அதையும் சேர்த்துத் துண்டில் சுற்றப் போனேன்.

"ரெண்டும் ஒரே பஸ்லயா?" என்றார்.

டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்டியை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன்.

நான் பஸ்ஸில் திரும்பும்போது தென்னூர்க்காரர் போன் செய்தார். "என்னண்ணே, யோசிச்சீங்களா? எஸ் குடுத்துடலாமா?"

"திரையில வந்ததை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அனுப்புறேன். முழுசாப் படிச்சுச் சொல்லுங்க."

"வண்டி ஓட்டிட்டு இருக்கேண்ணே, அப்புறமா பேசுறேன்" என்றார். அவர் பேச்சுக்குப் பின்னால் கடையின் பில் போடும் மெஷின் கறகறவென்று ஓடுவது போனில் கேட்டது.