எழுந்தவருக்கு ஒப்பாரி

அம்மாக்கண்ணு ஒப்பாரி வைத்தால் செத்தவரின் பகையாளிகூட அழுவான் என்று ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லை ஊரில் பேர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பெண்களின் தோளில் கை போட்டு, குனிந்து ஆரம்பிப்பாள். செத்தவர் தேன் எடுத்தவரா, சாமை விதைத்தவரா, குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவரா, எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டில் வந்து விழும். முடிந்ததும் ஓடையில் தலை முழுகுவாள். வீட்டுக்கு வருவதற்குள் அத்தனையையும் மறந்துவிட வேண்டும். பிணம் இல்லாத இடத்தில் ஒப்பாரியில் ஒரு வரியை முணுமுணுத்தாலும், அது தனக்கு ஒரு பிணத்தைத் தேடிக்கொள்ளும் என்று அந்த ஊரில் எல்லாரும் நம்பினார்கள். சிறுமியாக இருந்தபோது விளையாட்டாகப் பாடியதற்கு அவள் அம்மா உதட்டில் சூடு வைத்தாள். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

அவளும் அவள் கணவன் மாதையனும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது 1976-ல். அந்த வருஷ மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே குழந்தை காய்ச்சலில் போனது. பாறையும் சேறுமாக இருந்த இடத்தில் குழி வெட்ட ஆள் இல்லாமல் மாதையன் தனியாக நின்றபோது, சந்தவாசலிலிருந்து மலைக்கு வந்து ஊழியம் செய்துகொண்டிருந்த உபதேசியார் தேவராஜ் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். கோயில் என்றால் மண்சுவர், கூரை, ஒரு மரச்சிலுவை. பதினொரு குடும்பங்கள் வந்தன.

1979-ல் பெரிய வெள்ளிக்கு முந்தைய தபசு நாட்களில் ஒரு நாள் தேவராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்கண்ணு, வர்ற பெரிய வெள்ளிக்கிழமைக்கு நீ பாடணும்."

"எனக்குப் புஸ்தகம் படிக்கத் தெரியாதுங்களே."

"புஸ்தகத்துப் பாட்டு இல்லம்மா. உன் பாட்டு. ஏசுவுக்கு நீ ஒரு ஒப்பாரி வைக்கணும்."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணாங்கய்யா. பொணம் இல்லாம வைக்கக் கூடாது."

"மூணு வருசமா பாக்கறேன். சிலுவையில அறைஞ்சாங்கன்னு நான் படிக்கறேன். நீங்கள்லாம் கூரையப் பாத்துக்கினு குந்திக்கினு கீறீங்க. அன்னிக்கி உன் கொழந்தைக்கு நீ அழுதியே, அத நான் கேட்டேன். ஆண்டவருக்கு முன்னாடி நான் அந்த மாதிரி ஒரு ஜெபம் பண்ணதே இல்ல. கடவுள் உனக்குக் குடுத்தது அது. அத வாசல்ல வுட்டுட்டு வெறுங்கையோட உள்ள வர்றியேம்மா."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் போன பிறகு மாதையன் சிரித்தான்.

"ஏசுதான் எப்பவோ செத்துட்டாரே. பொணம்தான் கீதே, அப்புறம் இன்னா பயம்?"

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட மோசம், மறுநாள் உரலில் இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி தானாக வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் விறகு பொறுக்கும்போது இன்னொன்று வந்தது. வந்ததை விழுங்கினால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும், வெளியே விட்டால் ஆளைத் தேடும். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் புதன்கிழமை உபதேசியாரிடம் போய், "பாடறேங்க. ஆனா கதவச் சாத்திக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தினார்கள். உபதேசியார் ஏசுவின் பாடுகளின் சரித்திரத்தை வாசித்து நிறுத்தினார். அம்மாக்கண்ணு சிலுவைக்குக் கீழே, தலைமாட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். பிறகு குரல் வந்தது.

"காரமுள்ளுல முடிபண்ணி, என் ராசாவே,
கண்ணுமேல சாத்துனாங்க.
தேனெடுத்த கையிரெண்டும், என் ராசாவே,
தொளபட்டுத் தொங்குதய்யா."

தேன் எடுப்பவர்கள் கொடியைப் பிடித்துப் பாறையில் தொங்குவதை அங்கே எல்லாரும் பார்த்தவர்கள். ஆணியில் தொங்கிய அந்த மனிதர் அன்றைக்கு முதல்முறையாக அவர்கள் ஊர்க்காரர் ஆனார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தேவராஜ் கையிலிருந்த வேதபுத்தகம் நனைந்தது.

அப்போது கதவு தடதடவென்று இடிபட்டது. ஊர்க்கவுண்டர் ரங்கசாமி. அவர் இவர்கள் வேதத்தில் சேராதவர். கொல்லையிலிருந்து ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"யாரு செத்தது?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"பொணம் எங்கடா?"

"கவுண்டரே, இது எங்க ஆண்டவருக்கு..." என்று தேவராஜ் ஆரம்பித்தார்.

ரங்கசாமி அவரைப் பார்க்கவில்லை. அம்மாக்கண்ணுவைத்தான் பார்த்தார். கோபமாக வந்தவரின் முகம் வெளுத்துப் போனது.

"நீயாம்மா? உனக்குத் தெரியாதா? ஆளில்லாம வெச்சிட்டியே. இப்போ அது யார் வூட்டுக்குப் போவப்போவுதோ."

அவர் போய்விட்டார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. என் ராசாவே என்பது புருஷனுக்கு வைக்கும் அடி. அவள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆண். புளி உலுக்கும் காலம் வேறு. மறுநாள் ரங்கசாமியின் கொல்லையில் இருந்த பெரிய மரத்தில் ஏறுவதாக மாதையன் ஒப்புக்கொண்டிருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில், மரமேறும்போது இடுப்பில் கட்டும் தாம்புக்கயிற்றை எடுத்துச் சாமைக் குதிருக்குள் போட்டு மூடினாள். கயிறு இல்லாவிட்டால் ஏறமாட்டான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவன் கயிற்றைத் தேடினான்.

"இந்தாய்யா, இன்னிக்கி வேணாம். திங்கக்கெழம ஏறிக்கலாம்."

"கவுண்டருக்குச் சொல்லிட்டேன். இப்ப போவலன்னா, ஒப்பாரிக்குப் பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

கயிறு இல்லாமலே போனான். அவள் பின்னாலேயே போனாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவன் ஒவ்வொரு கொப்பாக மேலே போனான். புளியம்பழம் மழைபோல உதிர்ந்தது. ஒரு முறை அவன் கீழே பார்த்துக் கையை ஆட்டினான். "ஆட்டாதய்யா, கெட்டியா புடி!" என்று கத்தினாள். மூன்றாவது கொப்புக்கு மாறும்போது படார் என்றது.

விழுந்தவன் அசையவில்லை. வாயோரம் ரத்தம். கொல்லையில் பழம் பொறுக்கிய பெண்கள் ஓடிவந்து சுற்றிலும் உட்கார்ந்துவிட்டார்கள். மாதையனின் அண்ணி மங்கம்மாள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு அம்மாக்கண்ணுவின் தோளைப் பிடித்தாள்.

"ஆரம்பிம்மா. அய்யோ, நீதானே ஆரம்பிக்கணும்!"

வழக்கம் அப்படி. எல்லாருடைய கண்ணும் அவள் வாய்மேல் இருந்தது. அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வரி வெளியே வந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். அவள் ஆரம்பிக்காததால் மற்றவர்களும் ஆரம்பிக்கவில்லை. கொல்லை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில்தான் அது கேட்டது. மாதையனின் தொண்டையில் கொரகொரவென்று ஒரு மூச்சு.

"உசுரு கீது!" என்று முதலில் கத்தியவர் ரங்கசாமி.

கம்பளியில் மூங்கிலைக் கோத்துத் தூளி கட்டினார்கள். ரங்கசாமியின் ஆட்கள் இருவர், மங்கம்மாளின் புருஷன் பழனி, உபதேசியார் தேவராஜ், நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கல்லும் சரிவுமான பாதை. ஒடுகத்தூர் போய்ச் சேரும்போது பொழுது சாயும் நேரம். அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்பெலும்பும் இடது தொடையும் முறிந்திருந்தன. பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் ரெண்டு நாள் போகட்டும் என்றார்.

உபதேசியார் கீழேயே தங்கிவிட்டதால் அந்த வருஷம் நெல்லிக்கொல்லையில் உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனை நடக்கவில்லை. கோயில் பூட்டியே கிடந்தது. ஆண்டவருக்கு ஒப்பாரி வைத்தாயிற்று, எழுப்பத்தான் ஆள் இல்லை என்று மலையில் பேச்சு கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தேவராஜ் டீ வாங்கி வந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"நான்தான் கேட்டேன். பழி என் மேல இருக்கட்டும்" என்றார். அவர் குரலும் சரியில்லை. கீழேயுள்ள சபைப் பெரியவர்களுக்கு இது தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

"உங்கள ஒண்ணு கேக்கணுங்க. ஒப்பாரி செத்தவங்களுக்குத்தானே? அவரு மூணாம் நாளு எழுந்துட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. எழுந்து போய்ட்டவருக்கு நான் ஒப்பாரி வெச்சா, அது பொணமில்லாத வெறும் பாயத்தானே பாக்கும்? அப்புறம் வேற ஆளத் தேடாதா?"

தேவராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கல்லறைகிட்ட ஒரு பொம்பள நின்னு அழுதாம்மா. பொணத்தக் காணோம்னுதான் அழுதா. அவரு எழுந்துட்டது அவளுக்குத் தெரியாது."

"அழுதவளுக்கு இன்னா ஆச்சு?"

"இன்னாவும் ஆவல. ஏசுவே பின்னாடி நின்னு அவளப் பேர் சொல்லிக் கூப்ட்டாரு."

அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

மாதையன் பிழைத்தான். கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் அவள் குதிருக்குள் போட்ட கயிற்றைப் பற்றிச் சொல்லி அழுதாள்.

"கயிறு இருந்தாலும் அந்தக் கொப்பு முறிஞ்சிதான் இருக்கும்" என்றான்.

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஆடியில் ஊர் திரும்பினார்கள். மாதையனுக்குக் கோல் ஊன்றித்தான் நடக்க முடிந்தது. கோயிலுக்கு வந்த பதினொரு குடும்பம் நாலாகக் குறைந்திருந்தது. அந்த மழைக்காலத்தில் ஊரில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் தண்ணீருக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தார்கள். அவளும் வேலை செய்யும்போது முனகுவதைக்கூட விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. "இந்த வருசம் வாசிப்பு மட்டும் போதும்" என்று தேவராஜ் சொல்லிவிட்டார். மாதையன்தான் கேட்கவில்லை.

"அவ பாடட்டுங்க. போன வருசம் பாதியில வுட்டுட்டோம். பாதியில வுட்டதாலதான் இந்தப் பயம் தொத்திக்கினு கீது. வெள்ளிக்கெழம அழட்டும், ஞாயித்துக்கெழம அவளே எழுப்பட்டும்."

"எழுப்பறதுக்குப் பாட்டு ஏது? அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லியே" என்றாள் அம்மாக்கண்ணு.

"இல்லன்னா நீ கட்டு."

வெள்ளிக்கிழமை பாடினாள். மாதையனைக் கை எட்டும் தூரத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் வேட்டி முனையைப் பிடித்தபடி பாடினாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. ரோட்டில் ஆட்கள் நிற்பது தெரிந்தது.

சனிக்கிழமை முழுக்க வீட்டு வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். மாதையனை ஓடைக்குக்கூட விடவில்லை. ஒரு நாய் ஊளையிட்டதற்கு எழுந்து நின்றாள். ஓட்டுமேல் காய் விழுந்ததற்கு உள்ளே ஓடி அவன் மூச்சைப் பார்த்தாள். நடுநடுவே உதடு மட்டும் அசைந்தது. ஊரில் எவர் வாயிலும் இல்லாத ஒன்றை அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோயிலில் நாலு குடும்பமும் கூடியது. சிலுவைக்கு முன்னால் போனவள் இந்த முறை உட்காரவில்லை. நின்றாள். வேறு ராகம் அவளுக்குத் தெரியாது. அதே ஒப்பாரி ராகத்தில் எடுத்தாள்.

"தூங்குனது போதுமய்யா, என் ராசாவே,
தோளுமண்ண ஒதறிக்கினு
வாசக்கல்லு நவுந்துடுச்சி, என் ராசாவே,
வந்துநில்லு வெளிச்சத்துல."

சாவு வீட்டில் கேட்ட அந்த இழுப்பே ஒருவரை எழுப்பக் கூப்பிடுவதைக் கேட்டு எல்லாருக்கும் மயிர் கூச்செறிந்தது. ஒருவரும் அழவில்லை. மங்கம்மாள் மட்டும், உண்மையாகவே யாரோ வருவதுபோல வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வாசலுக்கு வெளியே ரங்கசாமி நின்றுகொண்டிருந்தார். உள்ளே காலை வைக்கவில்லை. பாட்டு நின்றதும் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"முடிஞ்சிதாம்மா?"

"முடிஞ்சிதுங்க கவுண்டரே."

"முழுசா?"

"முழுசாதாங்க. எழுப்பிட்டேன்."

"அப்ப ஆளுங்கள மரத்துக்கு அனுப்பலாமா? வெள்ளிக்கெழமலேந்து ஊர்ல ஒருத்தரையும் நான் ஏறவுடல."

அவள் மாதையனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையசைத்தாள். ரங்கசாமி திரும்பி, கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். புளி உலுக்கும் கம்புகளோடு காத்திருந்தவர்கள் கிளம்பினார்கள்.

அந்த வருஷத்திலிருந்து அவள் நெல்லிக்கொல்லையில் பாடிய ஏழு வருஷமும், வெள்ளி முதல் ஞாயிறு பாட்டு முடியும்வரை யாரும் மரமேறவில்லை, வேதக்காரர்களும் சரி, மற்றவர்களும் சரி. ஏழு வருஷமும் சனிக்கிழமை அவள் வாசலில் குறுக்கேதான் உட்கார்ந்திருந்தாள்.