டிராக்டருக்குப் போட்ட ஊர்க்கட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. யாராவது அநியாயம் பண்ணிவிட்டு நல்லவர் மாதிரி நடந்துபோனால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட நான் தமயந்தி அக்காவோடு பதினோரு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிறேன் என்றால், பொறுமை முழுக்க அவள் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொறுமைசாலி ஒரு ஊரையே ஜெயித்த கதை இது.

என் பெயர் நிஷாத் பேகம். திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே, பூக்கடைகளைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை. ஜெராக்ஸ் மெஷின் என்னுடையது, கம்ப்யூட்டர் அக்காவுடையது. அவள் தமிழ் டைப் அடித்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கும், நடுவில் நிற்காது.

அக்காவின் ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம்; இப்போது திருந்திவிட்டார்கள், பாவம். காலையில் மாடு கறந்துவிட்டு டவுன் பஸ் பிடித்து ஒன்பதரைக்குக் கடைக்கு வந்துவிடுவாள். வீட்டுக்காரர் தணிகைவேல் ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதிலும் நாலு வார்த்தை மாட்டோடு. ஒரே மகள் தமிழ்செல்வி அரக்கோணத்தில் நர்ஸ்.

அந்த ஊரில் பெரியதனம் என்று ஒருவர் உண்டு. ஊர்ப் பெரியவர், அவர் சொன்னால் சொன்னதுதான். பெயர் பங்காரு. வார்டு மெம்பர் யார் என்றுகூட அவர்தான் சொல்வார். அம்மன் கோயில் வாசலில் நின்று ஒரு பெயரைச் சொல்வார், வேறு யாரும் மனு போட மாட்டார்கள், அன்னப்போஸ்டாக முடிந்துவிடும். கடைசியாக நடந்த தேர்தலில் அது பெண்கள் வார்டு ஆனது. பங்காரு தன் மருமகள் சுசித்ராவின் பெயரைச் சொன்னார். சுசித்ரா நல்ல பெண்தான். ஆனால் வோட்டர் லிஸ்டில் மட்டும் அந்த ஊர், குடியிருப்பது திருப்பதியில்.

அந்த வாரம் எங்கள் கடையில் நாற்பது பேருக்கு வேட்பு மனு நிரப்பிக் கொடுத்தாள் அக்கா. நாற்பத்தொன்றாவது மனுவைத் தனக்கே நிரப்பிக்கொண்டாள். "இன்னாக்கா இது?" என்றேன். "ஊர்ல இல்லாதவங்களுக்கு எங்க தெரு பைப்புல தண்ணி வரலன்னு எப்படிடீ தெரியும்?" என்றாள். பதினாலு ஓட்டில் ஜெயித்தும்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பங்காரு கட்டு போட்டார். ஊர்க்கட்டு என்றால், அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. பேசினவன் வீட்டுக்கும் கட்டு. ஓட்டுப் போட்ட கை யாருக்கும் தெரியாது, பேசுகிற வாய் எல்லோருக்கும் தெரியும் அல்லவா? இரகசியமாக ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் பகலில் அவளைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கடையில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன். அக்கா மட்டும் "சரி வுடு" என்று டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தமிழ்செல்விக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கங்காதரன், மணவூர்ப் பையன், ரயில்வேயில் வேலை. பெண்ணும் பையனும் பிடித்துப்போய் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், திருத்தணி மலையில் தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. எல்லாம் பேசி முடித்தபோது மாப்பிள்ளையின் அப்பா காதுக்குக் கட்டு விஷயம் எட்டிவிட்டது. அவர் கடைக்கே வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஊர் வெத்தலபாக்கு எடுக்காத வீட்ல எப்படிங்க சம்பந்தம் பண்றது? உங்க ஊர்லேர்ந்து ஒரு அம்பது பேராவது வந்து நிக்கணும். இல்லன்னா எங்க ஜனங்க என்ன கொற கீதோன்னு பேசுவாங்க. எனக்கும் மனசு கேக்கல."

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் கீபோர்டைத் தொடவில்லை. ஐம்பது பேருக்கு எங்கே போவாள்?

அப்போது எங்களிடம் இருந்த வேலை பரந்தாமன் சாருடைய கைடு. அவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், ஆசிரியர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நோட்ஸ் போடுகிறவர். தலைப்பு: இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபையும் அரசியலும். அவர் கையெழுத்து டாக்டர் சீட்டைவிட மோசம். அதனால் அக்கா திரையைப் பார்த்து உரக்கப் படிப்பாள், நான் கையெழுத்துத் தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். இப்படியாகத் திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு பொம்பளைகள் போப்பாண்டவர்களைக் கரைத்துக் குடித்தோம்.

பிறந்தால் சர்ச், கல்யாணம் என்றால் சர்ச், செத்தால் சர்ச், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்கு. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தால், அதே துறவிகள்தான் மடத்தில் நோயாளிக்குப் படுக்கை போட்டிருக்கிறார்கள், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், பழைய புத்தகங்களை உட்கார்ந்து கையால் படி எடுத்திருக்கிறார்கள். "நம்ம தொழில்தான்டீ" என்றாள் அக்கா. பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

மறுபடி ஏறியது அதற்கடுத்த பக்கத்தில். போப்புக்கு ஒரு ராஜா மேல் கோபம் என்றால் ராஜாவைத் தள்ளிவைப்பார். இன்னும் கோபம் என்றால் நாட்டுக்கே கட்டு. இங்கிலாந்தில் ஜான் என்ற ராஜாவால் ஆறு வருஷம் கோயில் மணி அடிக்கவில்லை, செத்தவர்களை முறைப்படி அடக்கம் பண்ணவும் ஆளில்லை.

"அக்கா, இது உங்க பெரியதனம் பண்ற வேலதான? அவருக்கு யாரு இந்தப் புஸ்தகத்த குடுத்தாங்க?"

"இன்னும் கேளு" என்று அவள் படித்தாள். பிஷப்பை நியமிப்பது யார், ராஜாவா போப்பா என்று சண்டை. ஏழாம் கிரிகோரி என்ற போப், நான்காம் ஹென்றி என்ற ஜெர்மன் ராஜாவைத் தள்ளிவைத்தார். ராஜாவின் ஆட்களெல்லாம் நழுவிவிட்டார்கள். 1077 ஜனவரியில் ராஜா பனியில் மலை ஏறி, கனோசா என்ற கோட்டை வாசலில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்று மன்னிப்புக் கேட்டானாம்.

எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அக்கா, நீயும் போயி நின்னுடேன். மெம்பர் பதவிய எழுதிக் குடுத்துடு. பொண்ணு வாழ்க்கை." சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு!

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "நானும் ராத்திரி அதான் நெனச்சேன்டீ. இந்த ஒரு பக்கத்த முடிச்சிட்டு எந்திரிக்கலாம்" என்று திரையைத் தள்ளினாள். அந்தப் பக்கத்தைத்தான் அவள் மூன்று தடவை படித்தாள். 1080இல் கிரிகோரி அதே ராஜாவை மறுபடியும் தள்ளிவைத்தார். இந்தத் தடவை பெரும்பாலானவர்கள் பயப்படவில்லை. ராஜா ரோமுக்கே படை எடுத்துப் போனான். கிரிகோரி ஊரைவிட்டுப் போய் வேறிடத்தில் செத்தார். பரந்தாமன் சார் கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்: ‘மிகுதியாகப் பயன்படுத்தியதால் ஆயுதம் மழுங்கியது.’

"நிஷாத், எங்க ஊர்ல இப்ப எத்தன வீடு கட்டுல கீது?"

விரல் விட்டு எண்ணினோம். கறிவேப்பிலை ஒரு கொத்துக் கொடுத்த கோமளவல்லி வீடு. கோமளவல்லியோடு பேசின அவள் தங்கை வீடு. அக்கா மாட்டுப் பாலை வாங்கிக்கொண்ட பால்காரன் வீடு. இப்படியே நீண்டு, கடைசியாக, வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்ற தமிழ்செல்வியைத் தன் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவந்த கஜபதி வீடு. மொத்தம் ஒன்பது.

"கட்டுல கீறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசினா இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

கல்யாணப் பத்திரிகையை அவளே டைப் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போனாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பொண்ணு கல்யாணம், வந்துடுங்க" என்றாள். என்னை எந்தக் கட்டில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, முழித்தார்கள். ஒன்பது வீட்டுக்காரர்களும் சந்தோஷமாக வாங்கினார்கள். மற்ற ஐம்பது வீட்டில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கதவு சாத்திக்கொண்டது. அந்த ஒரு வீட்டில் தயங்கித் தயங்கி வாங்கிவிட்டு, நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து ஸ்கூட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அக்கா வாய்விட்டு அழுதாள். நான் அந்த ஊரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை மழை பெய்தது. அப்படி ஒரு மழை! ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள், இந்த மழை ஆனியிலேயே வந்துவிட்டது. கடலை போட வேண்டுமென்றால் அந்த ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், நாலு நாள், மிஞ்சினால் அஞ்சு நாள். சுற்று வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் உழவு. வெளியூர் வண்டி ஒன்றுகூட வராது. ஊரில் இருக்கிற ஒரே டிராக்டர் கஜபதியுடையது. கஜபதி கட்டில் இருக்கிறான். வண்டியை ஓட்டுகிறவனோடு பேசாமல் உழவுக்கு எப்படிக் கூப்பிடுவது?

பங்காரு டிராக்டரைத் தள்ளிவைத்துவிட்டார்! இதைக் கேட்டு மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் ஷகீல் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது வீட்டு நிலமும் உழுதாகிவிட்டது. ஒருவருக்கொருவர் கூலி ஆளாக நின்று விதைப்பையும் ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சனிக்கிழமை காலை ஒருவன் பட்டப்பகலில் கஜபதி வீட்டு வாசலுக்கு வந்தான்.

"கஜா, வண்டிய எட்த்துகினு வாடா."

"நான் கட்டுல கீறவன். என்னாண்ட பேசிட்ட, நீயும் கட்டு."

"போட்டா போட்டுக்கட்டும்! நெலம் காயுதுடா!"

கஜபதிக்குக் குஷி தாங்கவில்லை. உழவு வேண்டுமென்றால் முதலில் தமயந்தி அக்காவிடம் போய்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிட்டு, அதைப் பெருமையாக அக்காவிடம் போனில் சொன்னான். நான் "சபாஷ்!" என்று கத்தினேன். அக்கா என்னை முறைத்தாள்.

"அண்ணா, அப்படி வர்றவன் எனக்கு வேணாம். மெரட்டி வரவெச்சா பங்காரு மாமாவுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்? யாரு கூப்டாலும் போயி உழுதுட்டு வா. பத்திரிகைப் பேச்சே எடுக்காத."

எனக்கு ஆறவே இல்லை. கையில் கிடைத்த பிடியை விடுவார்களா? ஆனால் அவள் சொன்னபடிதான் கஜபதி உழுதான், எல்லோருக்கும், யாரையும் ஒன்றும் கேட்காமல். பங்காரு சனிக்கிழமை ஆறு வீட்டுக்குக் கட்டு போட்டார். ஞாயிறு பன்னிரண்டு வீட்டுக்கு. திங்கட்கிழமை அவருக்கே கணக்கு விட்டுப்போயிற்று. கட்டில் இல்லாத வீடுகள் ஒன்றோடொன்று பேச ஆளில்லாமல் திண்டாடின.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் கடை வாசலில் ஒரு கூட்டம். பத்திரிகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போன அதே அம்மாள் முன்னால் நின்றாள்.

"தமயந்தி, அந்தப் பத்திரிகை கீதா? நான் கண்ணாடி போட்டுக்காம திருப்பிக் குட்த்துட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தத் தடவை அழுகைக்கு நான் யாரையும் திட்டவில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் மலைமேல் தாலி கட்டினார்கள். நான் கீழே, மண்டப வாசலில். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் என் பொறுப்பு. மேளச் சத்தம் முதலில் கேட்டது, பிறகு படிகளில் ஜனம் இறங்கியது. ஐம்பது பேர் கேட்டாரே சம்பந்தி, முந்நூறு பேர் இறங்கினார்கள்! கஜபதி புது வேட்டியில், கோமளவல்லி பட்டுப்புடவையில், கைக்குழந்தைகள், கிழவர்கள், எல்லோரும். தணிகைவேல் என்னைப் பார்த்து, "ஊரே வந்துடுச்சும்மா" என்றார். அன்றைய பத்து வார்த்தையில் இரண்டை எனக்குக் கொடுத்துவிட்டார். சம்பந்தி பந்திக்கு இலை பற்றுமா என்று ஓடினார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். பங்காரு. தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மண்டபத்தின் நிழல்வரை வந்தார், அதற்கு மேல் வரவில்லை. என் கை பன்னீர்ச் செம்பின் மேல்தான் இருந்தது. தெளிக்கவில்லை. அவரும் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நிற்கட்டுமே, மூன்று நாள்!

யாரோ உள்ளே சொல்லிவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பங்காரு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தமயந்தி… கட்டு எட்த்துட்டம்மா."

அக்காவின் குரலில் துளிக் கோபம் இல்லை.

"எடுக்கறதுக்கு இன்னா மாமா கீது? எல்லாரும் உள்ள சாப்ட்டுகினு கீறாங்க. வெளிய நிக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அவர் தலை குனிந்தது. அக்கா என் கையிலிருந்த செம்பை வாங்கி, தானே அவருக்குப் பன்னீர் தெளித்தாள். "வாங்க, எல போட்டாச்சு" என்று முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார்.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் கஜபதி. "மாமா, உங்க நெலம் மட்டும்தான் பாக்கி. நேத்து மறுபடி பெஞ்ச மழையில ஈரம் கீது, காலைல அஞ்சு மணிக்கு வண்டி வரும்" என்றான். பங்காரு தலையை ஆட்டினார். சாம்பார் இரண்டு தடவை வாங்கினார், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.