சும்பாவில் நான் எடுக்க மறுத்த பாக்கு

சும்பாத் தீவில் நான் முதலாவதாகச் செய்த காரியம், விமான நிலையக் கழிப்பறைக்குள் புகுந்து உள்ளே போட்டிருந்த நீளமான கம்பளிக் காற்சட்டையைக் கழற்றியது. ஜேர்மனியின் வுப்பர்டாலில் வீட்டை விட்டு இறங்கும்போது குளிர் மைனஸ் நான்கு. பாலியில் மாற்றலாம் என்றுதான் இருந்தேன். அங்கே விசா வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, உள்நாட்டு விமானத்துக்கு ஓடியதில் கால்களை யார் நினைத்தார்கள்? சும்பாவில் இறங்கும்போது வெயில் முப்பத்திரண்டு பாகை. ஒற்றைக் காலில் நின்று கழற்றும்போது தடுமாறிக் கதவில் சாய, கொண்டி கழன்று கதவு திறந்துகொண்டது. வெளியே ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தார். என் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற சாரதியும் அவரே. பெத்ருஸ் என்று பெயர். நான்கு நாளும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர்.

இந்தோனேசியா என்றால் நம் ஆட்கள் பாலிக்குப் போய்க் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் போனது கிழக்குச் சும்பாவின் உட்புறம், கடலே தெரியாத ஒரு மலைக் கிராமம். என் மகள் ஆரணி அங்கே இருந்தாள். பான் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். அந்த ஊரின் ஊற்றுகளில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆய்வு. ஆறு மாதம் என்று போனவள், முடிகிற நேரத்தில், இன்னும் இரண்டு வருடம் அங்கேயே ஒரு தண்ணீர்த் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, நிற்கட்டுமா என்று கேட்டாள். இருபத்தைந்து வயது, ஜேர்மன் பாஸ்போர்ட். என் அனுமதி அவளுக்குத் தேவையேயில்லை. ஆனால் கேட்டுவிட்டாள். அதுதான் சிக்கல்.

என் மனைவி யோகாவுக்கு வேறொரு சிக்கல். மகள் அனுப்பும் படங்களில் ஒரே பொடியன் திரும்பத் திரும்ப வந்தான். குதிரையோடு ஒரு படம், மோட்டார் சைக்கிளோடு ஒரு படம், தண்ணீர்க் கானோடு ஒரு படம். "போய் அந்தப் பொடியன் ஆர் எண்டு பாத்து, அவளைக் கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். நான் ஓம் என்றேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பெப்ரவரியில்தான் உர்லாப் லீவு கிடைத்தது. அது அங்கே மழைக்காலம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிராங்க்பேர்ட்டிலிருந்து தோஹா வழியாகப் பாலிக்குப் போய்வர 940 யூரோ. பாலியிலிருந்து வெயிங்காப்பு என்ற சும்பா நகரத்துக்குச் சிறிய விமானம், ஒன்றரை மணி நேரம், ஒருவழிக்கு 75 யூரோ. விசா ஐந்து இலட்சம் ரூபியா. இலட்சம் என்றதும் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம், இருபத்தெட்டு யூரோதான். சாரதியோடு வாகனம் நாளுக்கு எட்டு இலட்சம், ஏறக்குறைய 45 யூரோ. மகள்தான் பெத்ருஸை ஒழுங்கு செய்திருந்தாள்.

நகரத்திலிருந்து ஊருக்கு 62 கிலோமீற்றர். அதில் 53 நல்ல தார் றோட்டு. புல் மூடிய மலைகள், யாரோ பச்சைப் போர்வையைச் சுருக்கிப் போட்டதுபோல. குதிரைகள் கட்டில்லாமல் மேய்கின்றன. போகும் வழியில் சந்தையில் நிறுத்தி, பெத்ருஸ் பாக்குக் குவியல் ஒன்றைக் காட்டி, "ஊர் வீட்டுக்கு" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கடைசி ஒன்பது கிலோமீற்றர் மண் பாதை. அதற்கு மட்டும் ஒரு மணி நேரம். என் முதுகு இதை எழுதும்போதும் அதை மறக்கவில்லை.

ஊரில் பதினாறு வீடுகள். கூரை ஒவ்வொன்றும் புல்லால் வேய்ந்து, நடுவில் கோபுரம்போல உயர்ந்து நிற்கிறது. வீடுகள் கால்களில் நிற்கின்றன. கீழே பன்றியும் கோழியும், மேலே மனிதர். ஊர் நடுவே பெரிய கல் பலகைகளால் மூடிய கல்லறைகள். அவற்றின் மேல் சோளம் காய்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். யாரும் அவர்களை ஏசுவதில்லை.

நான் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். ஆரணி ஊற்றுப் பக்கம் போயிருந்தாள். அவள் தங்கியிருந்த வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்கள். அந்த வீட்டு அம்மா பெயர் மார்த்தா. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் மார்த்தா அக்கா என்றே எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்கு வரவில்லை. உள்ளே பாய் விரித்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் நல்ல உடுப்பு உடுத்து, தோளில் கோலம் போட்ட துணியோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எனக்கு இடம். அப்போது உள்ளேயிருந்து ஒரு பொடியன் வந்தான். தலையில் துணி கட்டி, இடுப்பில் புதுத் துணி. படங்களில் பார்த்த அதே பொடியன். கையில் ஓலைப் பெட்டி. என் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினான். உள்ளே பாக்கு, சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் பதிலாகப் பச்சையாய் நீண்ட ஏதோ காய்.

எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இந்தக் காட்சிக்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள், நடுவில் பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளை புது உடுப்போடு, தட்டில் வெற்றிலை பாக்கு. நான் கை வைத்தால் கதை முடிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். "எடுங்கள் சேர், எடுங்கள்" என்று பெத்ருஸ் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். நான் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் மோசம். பெட்டி கீழே வைக்கப்பட்டது. பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மார்த்தா அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆரணி முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். ஓடிவந்து கட்டிப்பிடித்தவள், வீட்டின் அமைதியைப் பார்த்துப் பெத்ருஸிடம் ஏதோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"வெத்திலை மாத்தப் பாத்தினம். நான் விடேல்லை."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். வாசலுக்கு வருகிற யாருக்கும், தபால்காரனுக்குக்கூட, இங்கே முதலில் பாக்குத்தான் கொடுப்பார்கள் என்றாள். போடாவிட்டாலும் எடுத்துப் பொக்கற்றில் வைக்க வேண்டும். எடுக்க மறுத்தால், உங்களோடு எனக்குப் பகை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று அர்த்தமாம். "பெட்டியை ஆர் கொண்டு வந்தாலும் என்ன? அவன்ர பேர் யான், இந்த வீட்டுப் பிள்ளை. அவன்தானே கொண்டு வரவேணும்."

நானும் விடவில்லை. படங்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்டேன். என்ன இருக்கிறது இந்த ஊரில், யாருக்காக நிற்கப் போகிறாய் என்று குரலை உயர்த்தினேன். அவள் முழங்காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள். பிறகு சொன்னாள்.

"நவம்பரில அஞ்சு நாள் நெட் இல்லை எண்டு சொன்னனான் எல்லே. நெட் இருந்தது. எனக்கு மலேரியா."

காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய அன்று மழை, வாகனம் எதுவும் வராது. யான் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால், மார்த்தா அக்கா பின்னால், நடுவில் என் மகள். விழுந்துவிடாமலிருக்கத் தன் தோள் துணியால் மூவரையும் சேர்த்துக் கட்டினாராம் மார்த்தா அக்கா. சிறிய அரசாங்க ஆஸ்பத்திரி 23 கிலோமீற்றர். அங்கே நாலு இரவு கட்டிலுக்குக் கீழே நிலத்தில் படுத்தவரும் அவரே. அந்த ஐந்து நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு போன் எடுக்க இவளுக்கு ஏலாதோ என்று யோகாவிடம் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் சாப்பிட்டது என்னவென்று நினைவில்லை. மார்த்தா அக்கா பரிமாறினார், முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிச் சரிசெய்வது என்று ஆரணியிடம் கேட்டேன். நீங்களே பாக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும், விருந்தாளியும் வெறுங்கையோடு வரக் கூடாதுதான் என்றாள். சந்தையில் பெத்ருஸ் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

இரவு பெய்த மழையில் பாதை வழுக்கியதால் வாகனம் போகாது. காலையில் யான்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஆறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சந்தைக்குக் கூட்டிப் போனான். யாரைப் பற்றி விசாரிக்க வந்தேனோ அவன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினேன். பள்ளம் வரும்போதெல்லாம் அவன் வேகத்தைக் குறைத்து ஒரு கையால் என் முழங்காலைத் தட்டினான், பயப்படாதீர்கள் என்பதுபோல. எழுபதாயிரம் ரூபியாவுக்குப் பாக்கும் அந்தப் பச்சைக் காயும் சுண்ணாம்பும் வாங்கினேன். நாலு யூரோ. காயும் வெற்றிலைக் கொடியில் காய்ப்பதுதானாம். இந்தத் தீவில் இலையை விட்டுவிட்டு அதைத்தான் மெல்லுகிறார்கள்.

திரும்பி வந்ததும் பெரியவர்களை மறுபடி கூப்பிட்டார்கள். வாங்கி வந்ததை ஆரணி எடுத்துத் தந்த ஓர் ஓலைப் பெட்டியில் வைத்து, இரண்டு கையாலும் மார்த்தா அக்காவிடம் நீட்டினேன். அவர் உடனே எடுக்கவில்லை. நேற்று ஏன் மறுத்தீர்கள் என்று ஆரணி மூலம் கேட்டார். பொய் சொல்ல எனக்கும் விருப்பம் இல்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லி, மகளைக் கேட்கிறீர்கள் என்று பயந்துவிட்டேன் என்றேன். ஆரணி முகம் சிவக்கச் சிவக்க மொழிபெயர்த்தாள்.

மார்த்தா அக்கா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரித்து முடித்து ஆரணியிடம் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்:

"உங்கட மகளைக் கேக்கிறதெண்டா வெறும் பாக்கோட இருப்பமோ எண்டு கேக்கிறா. வாசலில குதிரையும் எருமையும் நிண்டிருக்கும், அதுகூடத் தெரியாதோ இந்த மனுசனுக்கு எண்டுறா."

அங்கே பெண் எடுக்க ஆண் வீட்டார்தான் கால்நடை கொடுக்க வேண்டும். யானுக்கும் இரண்டு மலை தள்ளி ஒரு பெண் பேசியாயிற்று. மூன்று வருடமாக எருமை சேர்க்கிறான், இன்னும் இரண்டு குறைகிறது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் சீதனம் கொடுப்பது என்று நான் சொன்னதும் பெரியவர்கள் தங்களுக்குள் நீண்ட நேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்: பிள்ளையையும் கொடுத்துப் பொருளையும் கொடுக்க, பெண் வீட்டார் அப்படி என்ன குற்றம் செய்தார்கள்?

மார்த்தா அக்கா என் பெட்டியிலிருந்து ஒரு பாக்கை எடுத்து, தன் பெட்டியை என்னிடம் நீட்டினார். எடுத்தேன். வீரத்தில் வாயிலும் போட்டேன். இரண்டாவது நிமிடம் காது சூடாகி, வீடு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து யோகா வீடியோவில் வந்தாள். என் சிவந்த வாயைப் பார்த்து இரத்தம் என்று நினைத்துப் பதறியவளைச் சமாதானப்படுத்த ஆரணிக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

மிச்ச இரண்டு நாளும் மகளோடு நடந்தேன். வீட்டிலிருந்து ஊற்றுக்கு இரண்டு கிலோமீற்றர் இறக்கம். அவள் அளந்து எழுதும்போது ஊர்ப் பெண்கள் அவளைச் சீண்டிச் சிரிக்கிறார்கள், அவளும் அவர்களுடைய பேச்சிலேயே திருப்பிக் கொடுக்கிறாள். வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை. திரும்பி ஏறும்போது இருபது லீற்றர் கானை நான் தூக்குவேன் என்று வாங்கி, நூறு மீற்றரில் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"அப்பா, அப்ப என்ன சொல்லுறீங்கள்?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"காய்ச்சல் கதையை அம்மாவுக்கு நீதான் சொல்லவேணும். மற்றது உன்ர விருப்பம்" என்றேன். அன்றே சொன்னாள். யோகா அழுதாள், திட்டினாள், பிறகு மார்த்தா அக்காவைக் கூப்பிடச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமலே பத்து நிமிடம் பேசினார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: என்னைப்போலப் பெப்ரவரியில் போகாதீர்கள், ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் போங்கள், புல்லும் பச்சையாக இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். பாலியில் ஓர் இரவு தங்கி, உடுப்பை மாற்றிக்கொண்டு போங்கள். மலேரியா பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் டெர்மின் எடுத்து, அதாவது நாள் குறித்துக்கொண்டு, கேளுங்கள். நுளம்பு வலை கட்டாயம். நகரத்துக்கு வெளியே பண அட்டை எதுவும் செல்லாது. கிராமங்களில் சொல்லாமல் போய்ப் படம் எடுக்க வேண்டாம், உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்; ஆட்கள் கூடினால் தண்ணீர் போதாதாம். பக்கத்திலே இதுபோல வேறு ஊர்களும் உண்டு, சாரதியைக் கேட்டால் காட்டுவார். சந்தையில் பாக்கு வாங்காமல் போகாதீர்கள். கொடுத்தால் எடுங்கள். மெல்லுவது உங்கள் துணிச்சல்.

கிளம்பிய அன்று ஊரே பாதைவரை வந்தது. நான் "தெரிமா காசி" என்று எத்தனை தடவை நன்றி சொன்னேனோ தெரியாது. வாகனத்தின் கண்ணாடியை இறக்கினேன். ஆரணியும் மார்த்தா அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மார்த்தா அக்கா தன் தோள் துணியை எடுத்து என் மகளின் தலையில் போட்டு இழுத்துவிட்டார். என்னிடம் ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்பதுபோல இரண்டு பேரும் பார்த்தார்கள். மொழிபெயர்க்க மகள் ஆயத்தமாகவே நின்றாள். பிள்ளையைத் தூர இடத்தில் விட்டுவிட்டு வருகிற எந்தத் தகப்பனும் கடைசியாகச் சொல்கிற ஒரு வசனம் இருக்கிறது: பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ. அது என் வாய்வரை வந்தது. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்ததும், சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.