சுஹறா ராத்தாவின் சனிக்கிழமை வகுப்பு

எந்த வீட்டுக்குப் போனாலும் சுஹறா ராத்தா செருப்பைக் கழற்றியவுடன் உள்ளே போகமாட்டார். கதவு நிலையில் கை வைத்துச் சற்று நேரம் நிற்பார். உள்ளே யார் சத்தம் போடுகிறார்கள், யார் சத்தமே இல்லாமல் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் சலாம் சொல்வார். பல வருடங்களாக அவருடன் போய்வந்ததில் நான் கண்டது இது.

மட்டக்களப்பில், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தவர். தாய் நோயில் விழுந்ததால் கல்முனைக்குத் திரும்பினார். 1981இல் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண்களுக்குத் தன் வீட்டிலேயே சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார். பேச்சு விளங்காத பிள்ளையுடன் எப்படிக் கதைப்பது என்பதுதான் பாடம். பாய் விரிப்பதும் தேத்தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை.

முதல் நாள், வகுப்புக்கு வந்திருந்த நற்பிட்டிமுனை சல்மா உம்மாவின் கண்ணைக் கட்டி, ஒன்றும் சொல்லாமல் வாயில் ஒரு கவளம் சோற்றை வைத்தார். சல்மா உம்மா திடுக்கிட்டுத் துப்பினார்.

"வாய்க்குள்ள மம்பெட்டி வந்த மாதிரி இரிக்கி."

"உங்கட மகளுக்கும் அப்படித்தான். முதல்ல சோத்துக் கோப்பைய தொட்டுப் பாக்கக் குடுங்க. புறகு ஊட்டுங்க."

அந்த மகள் நதீரா. இருபது வயதிருக்கும், பேச்சில்லை. அவளுடைய தங்கை ஹாஜறாவை மணமுடித்து மசூர் வீட்டோடு வந்ததிலிருந்து நதீரா ஓயாமல் கத்தினாள்.

"பெருநாள் வரைக்கும் பாப்பன், புறகு கொழும்புல ஒரு இல்லத்துல விடுங்க எண்டு மருமகன் சொல்லிட்டாரு" என்றார் சல்மா உம்மா. "அங்க இவள்ட அழுகை ஆருக்கு விளங்கும்?"

புது ஆளைக் கண்டு பயப்படுகிறாள் என்று ராத்தா நினைத்தார். வருவது முன்கூட்டியே தெரியட்டும் என்று, தெருவிலேயே சைக்கிள் மணியை அடிக்கும்படி மசூரிடம் சொன்னார். அது சரிவரவில்லை.

"ராத்தாட வைத்தியத்துல அழுகை முந்தி வருது" என்றார் மசூர்.

ராத்தா ஒரு நாள் முழுவதும் அந்த வீட்டில் இருந்து பார்த்தார். மணி கேட்டது. மருமகனுக்கு மரியாதையாகச் சல்மா உம்மா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார். நதீரா பாய்ந்து அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஹாஜறாட கலியாணத்துக்கு முந்தி எப்ப முக்காடு போடுவீங்க?" என்று ராத்தா கேட்டார்.

"வெளிய போகக்குள்ள."

சொன்னதும் சல்மா உம்மா தலைப்பைப் பிடித்திருந்த மகளின் கையைப் பார்த்தார். "நான் போகப்போறன் எண்டா நினைக்கிறாள்?"

"ஓம். அவள்ட கண்ணுக்கு ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறீங்க, வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு."

மருமகன் முன்னால் முக்காட்டை விடமுடியாது. அதனால் காலையிலிருந்தே முக்காட்டோடு இருக்கும்படி ராத்தா சொன்னார். உண்மையாக வெளியே போகும்போது மட்டும், அதற்கு அடையாளமாக வீட்டுக் குடையை நதீராவின் கையில் கொடுத்து, பிறகு வாங்கிக்கொண்டு போகவேண்டும். வேறெதற்கும் அந்தக் குடையை யாரும் எடுக்கக் கூடாது.

"மழைக்குப் பிடிக்கவும் ஏலாதா?" என்றார் மசூர்.

"உங்களுக்கு வேற குடை வாங்குங்க தம்பி."

முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். குடையைக் கையில் கொடுத்தால் நதீரா அழுதாள். மற்ற நேரங்களில் கத்துவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெருநாள் வந்து போனது. மசூர் கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை.

இது 1988. சல்மா உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. நதீரா ஹாஜறாவோடும் மசூரோடும் அதே வீட்டில் இருக்கிறாள். இப்போது ஹாஜறாதான் வகுப்புக்கு வருகிறாள்.