மைனா இல்லாத புத்தகம்

தெருவே நர்ஸக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மாள் யாரையும் சட்டென்று நம்பியதில்லை. வார்டில் நோயாளி மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்றால், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னவள்.

பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து ஜன்னலோரம் கிடந்த அவளுடைய தம்பி ஒருநாள், "காக்கா அளவு இருக்குக்கா. பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண்ணு ரத்தச் சிவப்பு. மதில்மேல வந்து உக்காருது" என்றான். அவனையும் அவள் நம்பவில்லை. வீட்டிலிருந்த பெரிய பறவைப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. தம்பி மனைவி டாக்டரிடம் சொல்லிவிட்டாள். இல்லாததைப் பார்க்கிறார் என்றால் ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் அவர். அதைப் போட்டவர்கள் நாள் முழுக்கத் தூங்கி வழிவதை நர்ஸக்கா பார்த்திருக்கிறாள். தூங்குகிறவனை நடக்கப் பழக்குவது எப்படி?

புத்தகத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று மைனாவைத் தேடினாள். காணோம். வாசலில் தினமும் சண்டை போடும் மைனாவே இல்லாத புத்தகம் என்ன சாட்சி சொல்லும்?

புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பளபளவென்று ஒரு பறவைப் புத்தகத்தை நீட்டினார். "உலகத்துப் பறவை அத்தனையும் இருக்கும்மா."

"உலகத்த வச்சு நான் என்ன பண்ண? எங்க மதிலுக்கு வர்றது இருக்கா? உறையப் பிரிங்க."

"பிரிச்சா வாங்கணும்."

"மாத்திரைக்காவது காலாவதி தேதி வெளியே போட்டிருக்கும். இதுல என்ன போட்டிருக்கு?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே மெலிதான இன்னொன்றை எடுத்துத் தந்தார். அந்த வட்டாரப் பறவைகள் மட்டும். ஆணும் பெட்டையும் தனித்தனிப் படம், எந்த மாதம் வரும் என்ற குறிப்பு. மைனா இருந்தது, கண்ணைச் சுற்றி மஞ்சளோடு. வாங்கினாள்.

வீட்டில், பெயரைக் கட்டைவிரலால் மறைத்து, வேண்டுமென்றே பருந்தைக் காட்டினாள்.

"இது இல்ல. என்னக்கா, பரீட்சை வைக்கிறியா?"

இன்னும் சில பக்கம் தள்ளியதும், "இதேதான்!" என்றான்.

விரலை எடுத்தாள். குயில், பெட்டை.

"குயிலு கறுப்பாச்சே அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"ஆண்தான் கறுப்பாம்."

"படத்தப் பாத்துட்டுச் சொல்றாரோ என்னவோ."

நர்ஸக்காவுக்கும் அதே சந்தேகம்தான். இருவரும் ஜன்னலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது மதில்மேல் புள்ளி புள்ளியாக ஒன்று வந்து உட்கார்ந்து, சிவந்த கண்ணால் முறைத்தது.

தம்பி மனைவி ஓடிப்போய் போனை எடுத்தாள். "டாக்டர், அந்த மாத்திரை வேணாம். நானே பாத்துட்டேன்."

"இங்க குடு" என்று போனை வாங்கி, டாக்டர் காதில் அது சரியாக விழுந்ததா என்று நர்ஸக்கா அவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டாள்.