நுரையீரலைத் தொடாமல் போன கதிர்

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று காலைப் பூசையை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் நேராகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழக்கமான ரத்தப் பரிசோதனைதான். ஒரு வருஷத்துக்கு மேலாக எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு டாக்டர் அறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, "திரும்ப வந்திருக்கு அமலன்" என்றார். என் நெற்றியில் பூசையில் சாமியார் பூசின சாம்பல் இருந்தது. மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்று காலையில் கோவிலில் கேட்டது எனக்கென்றே சொன்னது மாதிரி இருந்தது.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் தூத்துக்குடியில் சங்கு குளித்துப் பிழைத்தவன். எனக்கு ரத்தப் புற்றுநோய் முதலில் வந்தபோது மருந்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் அந்தச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்த நேரத்தில் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிழைத்ததே பெரிய காரியம். படி ஏறினால் இளைப்பு வாங்கும். கடலுக்குள் இறங்குவது அத்தோடு நின்றது. போகட்டும், உயிர் இருக்கிறதே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மறுபடியும் இது.

மறுபடியும் மருந்து ஏற்றி நோயை அடக்க வேண்டும், அடங்கினதும் இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை எனக்கு மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் வழி என்றார் டாக்டர். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கைதான். மெர்சி. ஆலந்தலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நடுக்கம். விஷயத்தைக் கேட்டதும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து கையை நீட்டிவிட்டாள். அவள் செல் எனக்கு முழுவதும் பொருந்தியது. கூடப்பிறந்தவர்களுக்கும் இப்படிப் பொருந்தாமல் போவதுதான் அதிகம் என்றார்கள். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற அன்பியத்தில் அந்தத் தவக்காலம் முழுக்க இதற்காகவே செபமாலை சொன்னார்கள். முதல் செபம் கேட்கப்பட்டது.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் இன்னொரு இடி விழுந்தது. மாற்றுவதற்கு முன்னால் என் மஜ்ஜையில் மிச்சம் இருக்கும் நோயை ஒழிக்க உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். என் நுரையீரல் அதைத் தாங்காது என்றார்கள். கதிரை விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுத்தால் நோய் மறுபடி வரக்கூடும். கொடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். இரண்டு பக்கமும் அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஸ்டெல்லாவிடம், போதும், இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருக்க மெதுவாகத்தான் சொன்னேன். ஸ்டெல்லா அழவில்லை. சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க வரலன்னா போங்க. நான் மாதாகிட்ட கேக்கத கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள்.

புனித வெள்ளி அன்று சிலுவைப் பாதையில் என்னால் நடக்க முடியவில்லை. கோவில் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நான் பெரிய செபம் எதுவும் செய்யவில்லை. ஆண்டவரே, நான் மூச்சை நம்பியே வாழ்ந்தவன், இந்த மூச்சை விட்டுவையும், மற்றதை உம் இஷ்டம் போல் செய்யும் என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் டாக்டரே போனில் கூப்பிட்டார். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். அங்கே மஜ்ஜை இருக்கும் எலும்புகளை மட்டும் குறிவைத்துக் கதிர் கொடுக்கும் முறை இருக்கிறதாம். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகத்துக்கு மிகக் குறைவாகத்தான் போகும். அதிலும் ஆபத்து உண்டு, உத்தரவாதம் சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கோவில் வாசலில் நான் கேட்டதை ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மூச்சைத்தானே கேட்டேன்! அதை அப்படியே விட்டுவைக்கிற வழி வந்து நிற்கிறது.

சென்னைக்குப் போனோம். அங்கேதான் எனக்கு வேறு ஒரு பயம் காத்திருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கடலுக்குள் ஒரு பாறை இடுக்கில், படகிலிருந்து எனக்கு மூச்சுக்குக் காற்று வருகிற காற்றுக்குழாய் சிக்கிக்கொண்டது. கலங்கின தண்ணீர், கண் தெரியவில்லை. கூட்டாளி வந்து எடுத்துவிட்டதால் பிழைத்தேன். அதிலிருந்து, கடலில் போடுகிற கண்ணாடி தவிர வேறு எது முகத்தை மூடினாலும் தாங்காது. பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியைக்கூட இறக்கமாட்டேன். கதிர் குறி தவறாமல் விழ வேண்டும் என்றால் நான் அசையவே கூடாது. அதற்காக வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கைச் சூடாக்கி முகத்தின் மேலும் தோள் மேலும் படியவைத்து அச்சு எடுத்தார்கள். அதை மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வெகுநேரம் அப்படியே கிடக்க வேண்டும். பல நாளைக்கு, காலையும் மாலையும்.

முதல் நாள் அதைப் பூட்டினதுமே கையை ஆட்டிவிட்டேன். கழற்றினார்கள். மறுபடி பூட்டினார்கள். மறுபடியும் முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, "என்னால முடியாது, விட்டுருங்க தாயி" என்று கெஞ்சினேன்.

கருவியை இயக்குகிற அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் காந்திமதி. "அண்ணாச்சி, நீங்க தூத்துக்குடி பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் கயத்தாறுதான். உங்க பேச்சக் கேட்டதுமே நெனச்சேன். பயப்படாதீங்க. உள்ள யார் கொரல் கேட்டா உங்களுக்குத் தெம்பா இருக்கும்?"

ஸ்டெல்லா என்றேன். அவர் போய்ப் பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தார். கருவி ஓடும்போது என் கூட உள்ளே யாரும் இருக்க முடியாது. வெளியே கட்டுப்பாட்டு அறையிலிருந்து மைக்கில் பேசலாம். ஸ்டெல்லாவை அங்கே உட்கார வைத்தார்கள்.

ஸ்டெல்லா கூச்சக்காரி. அன்பியத்தில் செபமாலையின் ஒரு பகுதியான பத்து மணியைக்கூட முன்னின்று சத்தமாகச் சொன்னது கிடையாது. முகமூடியைப் பூட்டினார்கள். கதவு மூடியது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தபோது தலைக்கு மேலே இருந்து அவள் குரல் வந்தது. "நான் இங்கனதான் இருக்கேன். உங்கள கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கேன். நான் சொல்லச் சொல்ல நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க, வாய அசைக்காதீங்க."

செபமாலையைத் தொடங்கினாள். முதலில் குரல் நடுங்கியது. முன்பின் தெரியாத டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நடுவில் சொல்கிறாள் அல்லவா. இரண்டாவது பத்து மணியில் குரல் தெளிந்துவிட்டது. நான் அவள் கூடவே போனேன். கருவி என்னைச் சுற்றி ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் பயமாக இல்லை. முகமூடி முகமூடியாகத்தான் இருந்தது, நான்தான் அதற்குள் அமைதியாக இருந்தேன். முடிந்து கழற்றினபோது காந்திமதி அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அவர் எங்கள் மதத்தவர் இல்லை. மாலையில் அவரே ஸ்டெல்லாவுக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார். கடைசி நாள் வரைக்கும் அப்படியே நடந்தது.

அப்புறம் மெர்சியின் செல்லை ஒரு பையில் கொண்டுவந்து ரத்தம் ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். அதன்பிறகு வந்த நாட்கள் லேசானவை இல்லை. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியாது. காய்ச்சல். ஆனால் மூச்சு மட்டும் ஒரு நாளும் திணறவில்லை. எங்கள் மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறின வாரத்தில், புது அணுக்கள் உருவாகத் தொடங்கிவிட்டன என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சோதித்தபோது என் ரத்த வகையே மெர்சியுடையதாக மாறியிருந்தது. அவள் சொன்னாள், "அண்ணே, இனிமே என்னைய ஏசுனா உன் ரத்தத்தையே ஏசுத மாதிரிலா." அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே எனக்கு அடுத்த அறையில் அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அதே நோய். என்னைவிட நன்றாகச் செபிப்பவர். அவர் வீடு திரும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. என் விசுவாசம் பெரியது என்பதால் நான் பிழைத்தேன் என்று சொன்னால் அது பொய். நான் கோவில் வாசலில் உட்கார்ந்து கெஞ்சினவன், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது முழுக்க இரக்கம். அவர் மனைவியோடு ஸ்டெல்லா இப்போதும் போனில் பேசுகிறாள். அவருக்காகவும் ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்போது நோயின் அறிகுறி இல்லை. பரிசோதனைக்குத் தவறாமல் போகிறேன். கடலுக்குப் போவதில்லை. கரையில், சங்கு குளிக்கப் போகிற குளியாளிகளுடைய காற்றுக்குழாய்களைச் சோதித்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். மகள் நர்சிங் படிக்கிறாள். யாராவது இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டால் நானும் ஸ்டெல்லாவும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் திரும்பி வந்திருந்தால், வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள். செபத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆண்டவர் கொடுத்ததுதான். செபிக்கத் தெம்பு இல்லையென்றால் உங்கள் பெயரை எங்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் சொல்லுகிறோம்.